லேசர் படிக்க நினைக்கிறவளுக்கு நான்கு வழிகள்

என் அக்கா மகள் இயற்பியலில் எம்.எஸ்சி. முடிக்கப் போகிறாள். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு ஒரு லேசர் லேபில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து அவளுக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். "சித்தி, இங்கேயே பிஎச்.டி. சேரட்டுமா, இந்தூருக்கு அப்ளிகேஷன் போடட்டுமா, இல்ல ஜெர்மனிக்கு மெயில் எழுதட்டுமா?" பின்னாலிருந்து அத்தானின் குரல்: "கம்பெனி வேலை ஏதாவது கிடைக்குமான்னு கேளும்மா."

ஆக, நான்கு வழி. பிஎச்.டி. இந்தியாவில், போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிறகு செய்யும் தற்காலிக ஆராய்ச்சி வேலை) ஜெர்மனியில், இப்போது பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் வேலை என்று மூன்றை நானே பார்த்துவிட்டேன். மிச்சமிருக்கும் இந்தூர் வழியில், அதாவது அரசு ஆய்வு மைய வேலையில், என் எம்.எஸ்சி. தோழி பதினைந்து வருடமாக இருக்கிறாள். போனில் அரைமணி நேரத்தில் எல்லாம் சொல்லி முடியவில்லை. அக்கா மகளைப் போல இன்னும் பலர் இதே இடத்தில் நிற்பார்கள் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

எந்த நிறுவனம் என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, 35 வயதில் உன் கை என்ன செய்துகொண்டிருக்க வேண்டும் என்பது. லேசரைக் கட்டுகிறவர்கள் ஒரு வகை. யாரோ கட்டிய லேசரை வைத்து அணுவையோ, கண்ணையோ, உலோகத்தையோ பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. ஓடும் லேசரை நிற்காமல் ஓட வைக்கிறவர்கள் மூன்றாவது வகை. மூன்றுக்கும் 'லேசர் இயற்பியல்' என்றுதான் பெயர். ஆனால் நாள் போகும் விதம் மூன்றிலும் வேறு. இதை யோசிக்காமல் நிறுவனத்தின் பேரைப் பார்த்துச் சேர்ந்தவர்கள்தான் பாதியில் சோர்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். காலை எட்டரைக்கு லேபுக்குள் போனால் லேசரைப் பார்க்க மாட்டோம். சுவரில் தொங்கும் வெப்பமானியையும் ஈரப்பத மீட்டரையும்தான் பார்ப்போம். ராத்திரி ஏசி நின்றிருந்தால் அன்றைக்குப் பொழுது போயிற்று. அறை இரண்டு டிகிரி சூடானாலே போதும், டேபிளில் இருக்கும் மிரர்கள் முடியளவு திரும்பியிருக்கும். பத்து மீட்டர் தள்ளி பீம் வேறெங்கோ விழும். அடுத்து, லேசரைக் குளிர்விக்கும் சில்லரில் தண்ணீர் அளவு. அப்புறம் வாட்ச், வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட வேண்டும். கழுத்துச் சங்கிலி சுடிதாருக்குள் போக வேண்டும். குனியும்போது தொங்கும் தங்கத்தில் பீம் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே ஸ்க்ரூ விழுந்தால், பீமின் உயரத்தைக் கண் கடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு குனிவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. நாங்கள் பயன்படுத்திய டைட்டானியம் சஃபையர் லேசரின் ஒளி 800 நானோமீட்டரில் இருக்கும். கண்ணுக்கு மங்கலான சிவப்பாகத்தான் தெரியும். அந்த மங்கல்தான் ஆபத்து. கொஞ்சம்தானே இருக்கிறது என்று நினைத்து நிமிர்ந்தால் விழித்திரையில் ஓட்டை விழுந்துவிடும்.

பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முக்கிய லேசருக்குச் சக்தி ஊட்டும் பச்சை பம்ப் லேசரை ஏற்றி, ஒரு மிரரை லேசாகத் தட்டிவிடுவோம். ஸ்பெக்ட்ரோமீட்டர் திரையில் ஊசி போல நின்ற கோடு சட்டென்று அகன்ற மேடாக விரியும். 'மோட் லாக்' ஆகிவிட்டது என்று அர்த்தம். இனி லேசர் தொடர்ந்து எரியாது, துடிப்பு துடிப்பாக வரும். ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் ஒரு துண்டுதான் ஃபெம்டோசெகண்ட். ஒவ்வொரு துடிப்பும் அப்படி முப்பது நாற்பது துண்டு அகலம். நூறு முறை பார்த்திருந்தாலும் அந்த மேடு எழும்பும்போது எனக்கு இன்னும் மனம் குளிரும். அவளும் அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

இந்தியாவில் பிஎச்.டி. என்றால் மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகமும் ராமன் ஆராய்ச்சி நிறுவனமும், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம், ஐஐடிகள், ஐசர்கள் என்னும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள். மும்பையில் திடப்பொருளைப் பிளாஸ்மாவாக்கும் அளவுக்கு வலுவான லேசர்கள் உண்டு. ராமன் நிறுவனத்தில் லேசரால் அணுக்களைக் குளிரவைத்து நிறுத்துகிறார்கள். சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஐந்தாறு வருடம் ஆகும்.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது, எல்லாவற்றையும் நாமே செய்தாக வேண்டிய கட்டாயம். லேசர் டையோடுக்கு மின்சாரம் கொடுக்கும் சர்க்யூட்டையும் நானே சால்டர் செய்திருக்கிறேன். பின்னால் ஜெர்மனிக்குப் போனபோது அந்தப் பழக்கம்தான் எனக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது. அங்கே பலருக்குப் பெட்டியைத் திறக்கவே தயக்கம்.

கஷ்டமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. என் மூன்றாம் வருடம், ஜூலை மாதம், நல்ல மழை. ராத்திரி ஏசி நின்றுபோனது. சில்லர் மட்டும் 17 டிகிரியில் ஓடிக்கொண்டே இருந்தது. வெளிக்காற்றின் ஈரம் உள்ளே ஏற, லேசர் ஒளியை உண்டாக்கும் குளிர்ந்த கிரிஸ்டலின் முகத்தில் பனி பூத்தது போல ஈரம் படிந்துவிட்டது. காலையில் அதைக் கவனிக்காமல் பம்பை ஏற்றினேன். ஒரு சின்ன டிக் சத்தம். அவ்வளவுதான். கிரிஸ்டலின் முகத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. புது கிரிஸ்டல் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். மூன்று கொட்டேஷன், கமிட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் தாண்டி வந்து சேர ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் என் பிஎச்.டி.யில் கூடிப்போனது. நடுவில் ஒருமுறை உதவித்தொகையும் நான்கு மாதம் வராமல், மொத்தமாக வந்தது. வீட்டில் கொஞ்சமாவது தாங்கிக்கொள்ள ஆள் இருந்தால்தான் இப்படிப்பட்ட மாதங்களைக் கடக்க முடியும். அத்தான் வெறும் சம்பளக் கவலையில் கேட்கவில்லை என்பது எனக்குப் புரிகிறது.

இரண்டாவது, அணுசக்தித் துறை. இந்தூர் என்று அவள் சொன்னது ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தை. 1984இல் தொடங்கிய இடம். எலக்ட்ரான்களை வேகமாகச் சுற்றவிட்டு ஒளி எடுக்கும் இந்தியாவின் சின்க்ரோட்ரான்களான இந்துஸ் 1, இந்துஸ் 2 இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. அதைவிட முக்கியம், லேசரைக் கட்டுவதையே வேலையாக வைத்திருக்கும் இடம் அது. நம் அணு உலைகளில் பழைய குளிர்விப்புக் குழாய்களை மாற்றும்போது 'பெல்லோ லிப்' என்ற மெல்லிய இணைப்பை வெட்ட வேண்டும். ஆள் பக்கத்தில் நின்று வெட்டினால் கதிர்வீச்சு. இந்தூரில் கட்டிய லேசரின் ஒளியைக் கண்ணாடி இழை வழியே கொண்டுபோய்த் தூரத்தில் நின்றபடி வெட்டினார்கள். இந்த வேலையில் கட்டுரை எழுதிப் பேர் வாங்க முடியாது. ஆனால் எத்தனையோ தொழிலாளிகளின் உடம்பில் ஏறியிருக்க வேண்டிய கதிர்வீச்சு ஏறவில்லை. என் தோழி இதைச் சொல்லும்போது அவள் குரலே மாறிவிடும்.

உள்ளே போகும் வழி, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளித் திட்டம். 1957இலிருந்து நடக்கிறது. ஒரு வருடப் பயிற்சி, பிறகு சயின்டிஃபிக் ஆபீசர். அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாய், படிகள் தனி. பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 26. இதைப் பலர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். பிஎச்.டி. சேர்ந்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இந்தக் கதவு சாத்திவிடும். வேலையில் இருந்துகொண்டே ஹோமி பாபா தேசிய நிறுவனம் வழியாக பிஎச்.டி. செய்யவும் முடியும். தோழி அப்படித்தான் முடித்தாள். பயிற்சி முடிந்ததும் இந்தூர்தான் கிடைக்கும் என்றும் இல்லை. மும்பையோ நம் கல்பாக்கமோ ஆகலாம்.

இங்கே கொடுக்க வேண்டிய விலை, தேர்ந்தெடுக்கும் உரிமை. எந்த லேசரில் வேலை செய்வது என்பதைத் துறையின் தேவைதான் முடிவு செய்யும். செய்ததில் சிலவற்றை வெளியே சொல்லவும் முடியாது. ஆனால் பெண்பிள்ளைகளுக்கு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மத்திய அரசு வேலையில் 180 நாள் மகப்பேறு விடுப்பு, பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தை வளர்ப்பு விடுப்பு உண்டு. பிஎச்.டி. மாணவிக்கும் யுஜிசி விதிப்படி 240 நாள் உண்டு. ஆனால் அந்த 240 நாளில் உன் டேபிளை இன்னொருவர் கலைத்திருப்பார், உன் அலைன்மென்ட் போயிருக்கும். வேலையில் இருப்பவளுக்குத் திரும்பி வர ஒரு குழு இருக்கும். எனக்கு இந்த வித்தியாசம் குழந்தை பிறந்த பிறகுதான் உறைத்தது.

ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவும் இதே மாதிரி ஒரு வழிதான். 2025 ஏப்ரலில் கர்னூலில் 30 கிலோவாட் லேசர் ஆயுதத்தைச் சோதித்துக் காட்டினார்கள். பொறியியலாகப் பார்த்தால் பெரிய வேலை. அந்தப் பயன்பாட்டுக்கு மனம் ஒப்புமா என்று அவரவர் கேட்டுக்கொள்ள வேண்டும். என்னால் முடிந்திருக்காது.

வெளிநாடு மூன்றாவது. ஜெர்மனியையும் அமெரிக்காவையும் ஒன்றாகப் பேசக்கூடாது. ஜெர்மனியில் பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். ஒப்பந்தத்தில் அரை வேலை, முக்கால் வேலை என்று இருக்கும். செய்வது முழு வேலை. மூன்று, நான்கு வருடத்தில் முடியும். கார்ஷிங், யேனா, ஹானோவர் மூன்றும் லேசருக்குப் பேர்போன ஊர்கள். யேனாவில் தெருவில் நடந்தாலே லென்ஸ் கம்பெனி போர்டுதான். அமெரிக்காவில் எம்.எஸ்சி. முடித்துப் போனாலும் மறுபடி பாடம், பிறகு ஆராய்ச்சி, ஐந்தாறு வருடம். ஏற்றுமதிக் கட்டுப்பாடு பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதிக சக்தி லேசர், ராணுவத்தோடு தொடர்புள்ள ஒளியியல் என்று வந்துவிட்டால் அமெரிக்கக் குடிமகனோ நிரந்தரமாக வசிக்க உரிமை பெற்றவரோ மட்டும்தான் சேர முடியும் என்று வேலை விளம்பரத்திலேயே இருக்கும். அங்கே முடித்த என் நண்பர் ஒருவர் தன் படிப்புக்கு நேராகப் பொருந்திய வேலைகளுக்கே விண்ணப்பிக்க முடியாமல் நின்றார்.

வெளிநாட்டின் பலம் கருவிகள். கிரிஸ்டல் போனால் அடுத்த வாரம் வந்துவிடும். ஐரோப்பாவில் செக் நாட்டிலும் ஹங்கேரியிலும் ருமேனியாவிலும் பெரிய லேசர் மையங்கள் வந்திருக்கின்றன. ருமேனியாவின் மகுரேலேயில் இருப்பது 10 பெட்டாவாட் (ஒரு பெட்டாவாட் பத்துக் கோடி கோடி வாட்). இன்றைக்கு இந்தத் துறையின் எல்லை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஒருமுறையாவது போய்த்தான் ஆக வேண்டும்.

பிஎச்.டி.க்குப் பிறகு வரும் போஸ்ட்டாக் காலம்தான் கடினம். இரண்டு வருடம் ஒரு ஊர், இரண்டு வருடம் இன்னொரு ஊர். கனடா நாட்டு லேசர் விஞ்ஞானி டானா ஸ்ட்ரிக்லண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1985இல் அமெரிக்காவின் ரோசஸ்டர் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது ஜெரார்ட் மூருவோடு சேர்ந்து, துடிப்பை நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்கும் உத்தியைச் செய்து காட்டினார். இன்றைய வலுவான லேசர்கள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. அப்படிப்பட்டவரே அதற்குப் பிறகு கனடாவில் ஒரு அரசு ஆய்வகம், அமெரிக்காவில் லிவர்மோர் ஆய்வகம், பிரின்ஸ்டனில் தொழில்நுட்ப ஊழியர் என்று சுற்றி, 1997இல்தான் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். நோபல் வந்தது 2018இல். எனக்கு இதில் பெரிய ஆறுதல் உண்டு. ஆனால் வீட்டுச் செலவை இதை நம்பித் திட்டமிட முடியாது. திரும்பி வந்து ஆசிரியர் வேலை பார்க்கலாம் என்றால், 35 வயதுக்குள் இருந்தால் நல்லது என்றே பல விளம்பரங்கள் சொல்லும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 23இல் எம்.எஸ்சி., 29இல் பிஎச்.டி., இரண்டு போஸ்ட்டாக், 33. சறுக்க அதிக இடமில்லை.

கம்பெனியை எல்லோரும் கடைசியாக வைப்பார்கள். நான் அப்படி வைக்க மாட்டேன். சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன் ஐபிஎம் நிறுவன ஆய்வகத்தில் இருந்தவர். 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியை லேபுக்குக் கொண்டுபோய் 193 நானோமீட்டர் புற ஊதா ஒளி தரும் எக்ஸைமர் லேசரைக் காட்டிப் பார்த்தார். பக்கத்துத் திசு கருகாமல், கத்தி வைத்தது போல வெட்டு விழுந்தது. இன்று கண்ணாடியைக் கழற்ற லேசிக் செய்துகொள்கிறவர்கள் எல்லோருக்கும் அந்தச் சோதனைதான் ஆரம்பம். அவர் லேசரைக் கட்டியவர் இல்லை. அதை எதன்மேல் காட்ட வேண்டும் என்று யோசித்தவர். அவர் அதைச் செய்தது ஒரு கம்பெனிக்குள்.

இன்றைய உதாரணம் வேண்டுமென்றால், உங்கள் போனில் இருக்கும் சிப். சிப் அச்சடிக்கும் ஏஎஸ்எம்எல் என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் இயந்திரத்துக்குள் நொடிக்கு 50,000 வெள்ளீயச் சொட்டு விழுகிறது. ஒவ்வொன்றையும் கார்பன் டை ஆக்சைடு லேசர் அடித்துப் பிளாஸ்மாவாக்கி 13.5 நானோமீட்டர் ஒளியை எடுக்கிறது. அந்த லேசரைச் செய்வது ஜெர்மனியின் ட்ரம்ப்ஃப். அவ்வளவு நுட்பமான லேசர் வேலை இன்று நிறுவனங்களில்தான் நடக்கிறது.

நம் பக்கத்தில் நிலைமை வேறு, அதையும் மறைக்கக் கூடாது. எம்.எஸ்சி. மட்டும் முடித்துப் போனால் பெரும்பாலும் சர்வீஸ் அல்லது அப்ளிகேஷன் வேலைதான் கிடைக்கும். கோவையிலோ ஓசூரிலோ ஷீட் மெட்டல் வெட்டும் பட்டறையில் ஃபைபர் லேசர் நின்றுவிட்டால் ராத்திரி பத்து மணிக்கும் போன் வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நைட்ரஜனில் வெட்டும்போது அடியில் பிசிறு விட்டால் நாஸிலா, ஃபோகஸா, லென்ஸைக் காக்கும் கவர் கிளாஸில் அழுக்கா என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டும். நான் இந்த வேலையில் சேர்ந்த முதல் வருடம் இப்படி ஊர் ஊராகப் போனேன். பிஎச்.டி. வாங்கியவள் இதைச் செய்வதா என்று வீட்டில் வருத்தப்பட்டார்கள். ஆனால் அழுக்கான கவர் கிளாஸ் சூடாகி ஃபோகஸை நகர்த்துவதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். அதே வெப்ப விலகலைத்தான் பிஎச்.டி.யில் இரண்டு அத்தியாயம் எழுதியிருந்தேன்.

டிசைன் பக்கம் போக வேண்டுமானால் எம்.டெக். கை கொடுக்கும். அண்ணா பல்கலைக்கழகத்திலும் கொச்சி குசாட்டிலும் லேசருக்கென்றே படிப்பு இருக்கிறது. 2023இல் மத்திய அரசு 6,003 கோடிக்குத் தேசிய குவாண்டம் திட்டத்தை அறிவித்த பிறகு, நிலையாக ஒரே அலைநீளத்தில் நிற்கும் சின்ன டையோடு லேசர்களுக்குத் தேவை கூடிவிட்டது. ருபீடியம் அணுவைப் பிடிக்க 780 நானோமீட்டரில் அசையாமல் நிற்கும் லேசர் வேண்டும். அதை இங்கேயே செய்ய ஆள் தேடுகிறார்கள். எங்களிடமே இரண்டு இடம் காலியாக இருக்கிறது.

பணத்தை மட்டும் பார்த்தால் முப்பது வயதில் அணுசக்தித் துறைக்காரரும் கம்பெனிக்காரரும் முன்னால் நிற்பார்கள். பிஎச்.டி. முடித்தவர் அப்போதுதான் ஆரம்பிப்பார். சுதந்திரத்தைப் பார்த்தால் தலைகீழ்: தன் கேள்வியைத் தானே எடுத்துக்கொள்வது பிஎச்.டி. வழியில் வந்தவருக்குத்தான் வாய்க்கும், அதுவும் ஆசிரியர் வேலை கிடைத்தால்.

என் அக்கா மகளுக்கு நான் சொன்ன வரிசை இது. அவள் ப்ராஜெக்டைப் பற்றிப் பேசியபோது அளந்த பொருளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிரர் ஏன் நகர்ந்தது, சில்லர் ஏன் அதிர்ந்தது என்றே அரைமணி நேரம் பேசினாள். அவள் கட்டுகிறவள். அதனால் வயது இருக்கும்போதே அணுசக்தித் துறைக்கு முதலில். கூடவே நெட், கேட் தேர்வுகள் இரண்டையும் எழுதட்டும். லேசரைத் தாங்களே கட்டும் குழு இந்தியாவில் கிடைத்தால் பிஎச்.டி. இரண்டாவது. ஜெர்மனிக்கு ஐம்பது மெயில் வேண்டாம், கட்டுரைகளைப் படித்துவிட்டு மூன்று பேருக்கு எழுதினால் போதும். அமெரிக்காவை அவளுக்கு நான் சொல்லவில்லை. அத்தானிடம், ஒரு நாள் அவளைக் கோவைக்குக் கூட்டிப்போய் ஒரு கட்டிங் யூனிட்டைக் காட்டச் சொல்லியிருக்கிறேன். பிடித்தாலும் பிடிக்கலாம்.

எங்கே இன்டர்வியூவுக்குப் போனாலும் பேராசிரியரைப் பார்த்துவிட்டு உடனே கிளம்ப வேண்டாம், அங்கே இருக்கும் மூன்றாம் வருட மாணவரைத் தேடிப் பிடித்து டீ குடிக்கக் கூப்பிடு என்றேன். "உங்க லேசர் கடைசியா எப்ப நின்னுச்சு, யார் சரி பண்ணாங்க?" என்று கேள். கம்பெனி ஆள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், இன்னும் காத்திருக்கிறோம் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. "நாங்கதான் திறந்தோம், மூணு நாள் ஆச்சு" என்று சொல்லிவிட்டு, எப்படிச் சரிசெய்தார்கள் என்று நாப்கினில் படம் போட ஆரம்பித்தால், அங்கே சேர்.